இழப்பீடும் காத்திருப்பும்

மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, 2003 ஏப்ரல் 22 அன்று அதிகாலைப் பணிக்குத் தமது இருசக்கர வாகனத்தில் சென்றபோது, ஆலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்தார். 2009-இல் இழப்பீட்டு ஆணையர் அவருடைய குடும்பத்துக்கு 3,26,140 ரூபாயும் அதற்கான வட்டியும் வழங்க உத்தரவிட்டார். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தை வேலையின்போது நேர்ந்ததாகக் கொள்ள முடியாது என்று கூறி, 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது.

பணிக்குச் செல்லும் பயணத்துக்கும் பணிக்கும் இடையே நேரம், இடம், சூழல் ஆகியவற்றால் தொடர்பு இருக்குமானால், அந்தப் பயணத்தில் நேரும் விபத்துக்கும் இழப்பீடு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அதைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். ஆனால், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கண்ணில் முதலில் பட்டது தேதிகள்தாம். விபத்து நடந்த ஆண்டில் பிறந்த குழந்தை கல்லூரிப் படிப்பையே முடித்திருக்கும் காலம் கடந்த பிறகு அந்தக் குடும்பத்துக்கு நீதி கிடைத்திருக்கிறது. இத்தகைய வழக்கை மூன்று மாதங்களுக்குள் ஆணையர் முடிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

இந்தத் தாமதம் ஏன் வெறும் நிர்வாகக் குறையாக மட்டும் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள, சட்டம் பிறந்த கதைக்குச் செல்ல வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2010-இல் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. அதற்கு முன்பு, ஆலையில் கையை இழந்த ஒருவர் முதலாளியின் கவனக்குறைவை உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால்தான் ஏதேனும் பெற முடியும். உடன் வேலை செய்தவரின் தவறு என்றோ, ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார் என்றோ முதலாளி வாதிட இடமிருந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கேள்விகளைப் பெரிதும் ஒதுக்கிவிட்டது. யார் தவறு என்று பார்க்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் நேர்ந்ததா என்று பார்த்தால் போதும். சட்டம் குறிப்பிடும் சில விலக்குகள் தவிர, முதலாளி பொறுப்பேற்க வேண்டும்.

இது உண்மையில் ஒரு பேரம். தவறு யாருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையிலிருந்து தொழிலாளி விடுபட்டார். அதற்கு ஈடாக, வரம்பற்ற நட்ட ஈட்டுக்குப் பதிலாகச் சூத்திரப்படி வரும் தொகையை ஏற்றார். இச்சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரிய பின் அதே காயத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தை நாட முடியாது. தொகை குறைவாக இருக்கலாம். ஆனால் உறுதியாகவும் விரைவாகவும் கிடைக்கும் என்பதே அந்தப் பேரத்தின் நியாயம். விரைவும் உறுதியும் போய்விட்டால் தொழிலாளியிடம் எஞ்சுவது குறைந்த தொகை மட்டுமே. முதலாளிக்கு வாய்த்த சலுகை முழுமையாக நிற்க, தொழிலாளிக்குக் கொடுத்த வாக்கு மட்டும் முறிந்துபோகிறது. இழப்பீட்டு வழக்கில் நடைமுறை நியாயம் என்பதை நான் இந்தப் பொருளில்தான் பார்க்கிறேன்.

சூத்திரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இறப்பு நேர்ந்தால் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்பச் சட்டத்தின் அட்டவணை தரும் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. உண்மை ஊதியம் எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டபடி கணக்கில் கொள்ளப்படும் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான். அதன்படி 30 வயதுத் தொழிலாளியின் குடும்பத்துக்கு உரியது 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் ஊதியத்தில் 60 விழுக்காட்டைக் கொண்டு கணக்கிட வேண்டும். தொகை 18,71,820 ரூபாய்.

பெருக்கத் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்குதான். அப்படியிருந்தும் வழக்கு ஏன் நீள்கிறது? சூத்திரத்துக்குள் இடவேண்டிய விவரங்கள் ஒவ்வொன்றும் தகராறுக்கு உள்ளாகின்றன. இறந்தவர் எங்கள் பணியாளரே அல்லர் என்பது முதல் மறுப்பு. வேலையின்போது விபத்து நடக்கவில்லை என்பது அடுத்தது. பிறகு வயது, ஊதியம், ஊனத்தின் அளவு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மாத ஊதியம் 9,000 ரூபாய்தான் என்று முதலாளி நிலைநாட்டிவிட்டால் இழப்பீடு 9,35,910 ரூபாயாகிவிடும். ஒரே ஒரு விவரம் மாறியதில் ஆறு லட்சத்துக்கும் மேலான வேறுபாடு.

இந்த விவரங்களுக்கான சான்றுகள் யாரிடம் இருக்கின்றன? வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், ஒப்பந்ததாரருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாம் முதலாளியின் அலமாரியில் இருக்கின்றன. கட்டுமானத் தொழிலாளி சனிக்கிழமை மாலை மேஸ்திரியின் கையிலிருந்து ரொக்கமாகக் கூலி வாங்கியவர். அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவருக்கும் முதன்மை முதலாளி பொறுப்பு என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவு கூறினாலும், அந்தச் சங்கிலியை மெய்ப்பிக்கும் வேலை நடைமுறையில் கைம்பெண்ணின் தலையில் விழுகிறது. ஒருவர் மட்டுமே அறிந்திருக்கக்கூடிய செய்தியை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய கொள்கை. பதிவேட்டைக் கொண்டுவராத முதலாளிக்கு எதிராக ஆணையர் ஊகம் கொள்ள இடமுண்டு. அந்த இடத்தை எல்லா ஆணையர்களும் துணிந்து பயன்படுத்துவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கட்டடப் பணியில் கணவரை இழந்த ஒரு பெண், கணக்குப் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். கையில் ஒரு முத்திரைத்தாள். "கையெழுத்துப் போட்டா இன்னைக்கே மூணு லட்சம் தர்றாங்களாம் சார், போடலாமா?" என்று கேட்டார். உரிய தொகை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வந்தது. இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்று 8-ஆம் பிரிவு கூறுவதை அவருக்கு விளக்கினேன். உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 17-ஆம் பிரிவு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வழக்குப் போட்டா எப்ப வரும்?" என்றார். அதற்கு என்னால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. முதலாளி விரும்பினால் மூன்று மாத ஊதியத்துக்குச் சமமான தொகையை முன்பணமாகக் குடும்பத்துக்குத் தரலாம் என்றும் அதே 8-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அது அவருடைய விருப்பம், கட்டாயம் இல்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்விதான் இந்தச் சிக்கலின் பொருளாதாரம். தாமதத்துக்குச் சட்டம் தரும் வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு வட்டி. அந்தக் குடும்பம் வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வெளியில் கடன் வாங்கும்போது தருவது மூன்று வட்டி. ஒரு லட்சம் ரூபாய் தாமதமானால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரவு. அதே ஒரு லட்சத்தைக் கடனாக வாங்கினால் 36,000 ரூபாய் செலவு. ஆண்டுக்கு 24,000 ரூபாய் துண்டு விழுகிறது. நான்கு ஆண்டுகள் காத்திருந்தால் அந்த லட்சத்தில் ஏறத்தாழ எல்லாமே கரைந்துபோகும். நிறுவனத்துக்கு நிலைமை வேறு. அது தொழிலில் ஈட்டும் வருவாய் 12 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு வாய்தாவும் மலிவான கடன்தான். காத்திருக்க வல்லவரும் காத்திருக்க இயலாதவரும் எதிரெதிரே அமர்ந்து பேசும் சமரசம் எப்படி அமையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உரிய தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு அவர்கள் கையெழுத்திடுவது அறியாமையால் மட்டும் நிகழ்வதில்லை. அவர்கள் நிலையில் அது சரியான கணக்காகவே இருந்துவிடுகிறது.

நீதிமன்றங்கள் இதை உணராமல் இல்லை. ஒடிசாவில் வேலையின்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரின் வழக்கில், 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை வகுத்தது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்கத் தக்கதாகிறது. ஆணையர் தீர்ப்பளிக்கும் நாள்வரை முதலாளி காத்திருக்க முடியாது என்பது ஒன்று. ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால் அவருடைய உழைப்புத்திறன் இழப்பு முழுமையானது என்பது மற்றொன்று. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டியோடு, தக்க காரணம் இல்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதிவரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது 4-ஏ பிரிவு. பொறுப்பின் அளவில் தகராறு இருந்தாலும், தாம் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கான தொகையை முதலாளி உடனே கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. இந்தக் கட்டளை முதல் விசாரணை நாளிலேயே நடைமுறைக்கு வந்தால் பாதிக் கொடுமை தீரும்.

தச்சரின் வழக்கு இன்னொரு வாயிலையும் திறக்கிறது. கட்டைவிரலை இழந்தால் 30 விழுக்காடு எனச் சில காயங்களுக்குச் சட்டத்தின் அட்டவணையே அளவு சொல்கிறது. முதுகெலும்பு முறிவு, தலைக்காயம் போன்ற அட்டவணையில் இல்லாதவற்றுக்கு மருத்துவர்தான் உழைப்புத்திறன் இழப்பை மதிப்பிட வேண்டும். தொழிலாளி ஒரு மருத்துவரின் சான்றிதழைக் கொண்டுவருகிறார். காப்பீட்டு நிறுவனம் அதை மறுக்கிறது. மருத்துவர் சாட்சிக்கூண்டுக்கு வரவேண்டியதாகிறது. அவர் வருவதற்குள் பல வாய்தாக்கள் போய்விடுகின்றன. உடலின் ஊனம் வேறு, தொழிலின் இழப்பு வேறு என்ற நுட்பமும் இதில் அடிபட்டுப்போகிறது. கால் மடங்காதது அலுவலக எழுத்தருக்கு ஒரு பொருள். சாரத்தில் ஏறும் கொத்தனாருக்கு முற்றிலும் வேறு பொருள்.

நடைமுறை நியாயம் இரு தரப்புக்கும் உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரும் இச்சட்டப்படி முதலாளியே; காப்பீடு எடுத்திராத அவருக்குப் பதினைந்து லட்சம் என்பது பட்டறையின் விலை. தமக்கு எதிராகக் கூறப்படுவதை அறியவும், மறுக்கவும், குறுக்கு விசாரணை செய்யவும் அவருக்கு உரிமை உண்டு. காரணம் கேட்டு விளக்கம் பெறாமல் அபராதம் விதிக்கக் கூடாது என்று சட்டமே கூறுகிறது. ஊர்தி விபத்து தொடர்பான இழப்பீட்டு வழக்குகளில், இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும், அபராதத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. தவறு செய்தவர் மட்டுமே தவறுக்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நியாயம். அறிவிப்பு முறையாகச் சேராமல் வழங்கப்படும் ஒருதலைப்பட்ச உத்தரவு பின்னர் நீக்கப்பட்டு, விசாரணை தொடக்கத்துக்கே திரும்புகிறது. அவசரத்தில் விட்ட ஒரு படி, இரண்டாண்டுத் தாமதமாகத் தொழிலாளியிடமே வந்து சேருகிறது.

புலம்பெயர்ந்த தொழிலாளரின் நிலை இன்னும் கடினம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் ஆந்திரம், ஒடிசா போன்ற வெளிமாநிலங்களைச் சேர்ந்தவர்கள். இத்தகைய குடும்பங்கள் விபத்து நடந்த ஊருக்கு வந்து வழக்கு நடத்த வேண்டியதில்லை. தாம் வழக்கமாக வாழும் பகுதியின் ஆணையரிடமே மனுச் செய்யலாம் என 1995-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. 2007-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், வேலையில் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து வழியாகத் தெரிவிக்கும் கடமையை முதலாளிக்கு விதித்தது. இவையெல்லாம் நல்ல விதிகள். ஆனால், தமிழில் ஓர் அறிவிப்பைக்கூடத் தொங்கவிடாத கட்டுமானத் தளத்தில், ஒடியா மொழியில் யார் எழுதித் தரப்போகிறார்கள்?

மேல்முறையீட்டுக்கு வருவோம். பணியாளர் பக்கம் சாய்வாக, ஆனால் நியாயமாக, சட்டம் இங்கே இரண்டு வேலிகளை இட்டிருக்கிறது. முக்கியமான சட்ட வினா எழுந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கலாம் என்பது முதல் வேலி. இழப்பீட்டுத் தொகையை ஆணையரிடம் செலுத்திய சான்று இல்லாமல் முதலாளி மேல்முறையீடு செய்ய முடியாது என்பது இரண்டாவது. 2016 நவம்பரில் கர்நாடக வழக்கு ஒன்றில், உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையரே இறுதி அதிகாரி. சாட்சியங்களை உயர் நீதிமன்றம் மீண்டும் எடைபோட்டது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, செலுத்தப்பட்ட பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்க வழிசெய்த 30-ஏ பிரிவையும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

சட்டமன்றத்தின் எண்ணம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. எனினும், மேல்முறையீட்டு மனுவோடு இடைக்காலத் தடை மனுவும் சேர்ந்தே வருவது வழக்கமாக இருக்கிறது. தடை கிடைத்தால் பணம் வங்கியில் உறங்குகிறது. ஊதியம் 9,000 ரூபாயா, 15,000 ரூபாயா என்ற உண்மை வினாவுக்கே சட்ட வினாவின் உடை அணிவிக்கப்படுகிறது. தோற்றாலும் நட்டமில்லை என்றால் மேல்முறையீடு செய்வதே நிறுவனத்துக்கு அறிவுடைமையாகிவிடும். அந்தக் கணக்கை மாற்றாமல், விரைந்து முடியுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொள்கிறது. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் அது வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. ஆணையரின் பெயர் தகுதிவாய்ந்த அதிகாரி என்றாகிறது. சூத்திரமும், மேல்முறையீட்டுக்கு முன்பணம் செலுத்தும் நிபந்தனையும் அப்படியே தொடர்கின்றன. பழைய சட்டத்தின் உடல் புதிய சட்டைக்குள் வந்திருக்கிறது. அது எப்படி நடக்கப்போகிறது என்பதைத் தீர்மானிப்பவை மாநிலங்கள் வகுக்கும் விதிகளும் அமர்த்தும் அதிகாரிகளும்தான்.

அந்த விதிகளில் இடம்பெற வேண்டியவை அதிகமில்லை. முதல் விசாரணையிலேயே ஏற்றுக்கொண்ட தொகையைச் செலுத்தவும், பதிவேடுகளை முன்வைக்கவும் முதலாளிக்கு உத்தரவிட வேண்டும். முன்வைக்காவிட்டால் மனுதாரர் கூறும் ஊதியத்தை ஏற்க வேண்டும். ஊனத்தின் அளவில் தகராறு எழுந்தால் அரசு மருத்துவக் குழுவுக்கு உடனே அனுப்பி, அதன் அறிக்கையை இரு தரப்புக்கும் தந்து, மறுப்பவர் மட்டும் மருத்துவரை அழைத்து வினவ இடம் தரலாம். மேல்முறையீட்டில் தகராறு இல்லாத பகுதியையேனும் குடும்பத்துக்கு விடுவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இவ்வழக்குகளை விசாரிப்போர் தொழிலாளர் துறையின் துணை, இணை ஆணையர்கள். வேறு பல சட்டங்களின் பணிகளும் அவர்கள் தோளில் உள்ளன. இழப்பீட்டுக்கென்றே முழுநேர அதிகாரிகள் வேண்டும். எத்தனை வழக்குகள் மூன்று மாதங்களுக்குள் முடிந்தன என்பதை அலுவலகவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் அறிவிப்பு போகும்போதே அந்த உதவியின் விவரமும் சேர்ந்து போனால் என்ன?

இவை எவற்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை; பெரிய செலவும் இல்லை. அட்டவணையின் எண்களை உயர்த்துவது பற்றிப் பேசுவது எளிது, அது தலைப்புச் செய்தியாகும். ஆனால் இழப்பீட்டின் உண்மையான மதிப்பு, தொகையோடு அது கைக்கு வந்துசேரும் நாளையும் பொறுத்தது. நூறாண்டுகளுக்கு முன் தொழிலாளியிடம் நாம் ஒரு பேரம் பேசினோம். அதில் அவர் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார். "வழக்குப் போட்டா எப்ப வரும்?" என்று கேட்பவருக்கு, மூன்று மாதத்தில் வரும் என்று ஓர் அரசு அலுவலர் தயங்காமல் சொல்லும் நாளில்தான் நம் பங்கு நிறைவேறும்.